துணைத்தேற்றம் 6.3

ஜனவரி 6, திங்கள்

வடிவமைப்பைச் சரிபார்க்கக் கொடுத்திருந்த ஆய்வேட்டைப் பல்கலைக்கழக அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டு குறைகள். இடது விளிம்பு ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். மேற்கோள் காட்டியிருக்கும் ஒவ்வொரு தேற்றத்துக்கும் பக்க எண் வேண்டும்.

விளிம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பக்க எண்கள். அறுபத்திரண்டு மேற்கோள்கள். ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தேன். வெர்ஹாலன், துணைத்தேற்றம் 6.3, பக்கம் 131.

வெர்ஹாலன் இருபத்துநாலு வருடம் முன்னால் எழுதிய புகழ்பெற்ற கணித நூல் அது; என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதன் இந்த 6.3-இன் மேல் நிற்கிறது. ஐந்து வருடமாக. அந்தப் பக்கத்தை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நிரூபணம் நான்கு வரி. கடைசி வரி: 'இத்தேர்வுகளை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி செய்யலாம் என்பது தெளிவு.'

எனக்குத் தெளிவாக இல்லை. மதியம் சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

ஜனவரி 7

சாப்பிட்டேன். இன்னும் தெளிவாக இல்லை.

ஜனவரி 8

கலைச்சொல் எதுவும் இல்லாமல் எனக்கே சொல்லிப் பார்க்கிறேன்.

வெர்ஹாலன் ஒரு பெரிய வடிவத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டுகிறார். ஒவ்வொரு துண்டிலும் விடை கண்டுபிடிக்கிறார். அது கடினமான வேலை. நூற்றுமுப்பது பக்கம் அழகாகச் செய்திருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு துண்டுகளை ஒட்டுகிறார். ஒன்றையும் இரண்டையும் ஒட்டலாம். இரண்டையும் மூன்றையும் ஒட்டலாம். மூன்றிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வரும்போது கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறோமா, அல்லது நடுவில் ஒரு முறுக்கு விழுந்துவிடுகிறதா?

முறுக்கு விழாது என்கிறார். அதுதான் அந்தத் 'தெளிவு'.

பழைய தேர்வுத்தாளிலிருந்து மூன்று பட்டைகள் வெட்டி ஸ்டேப்ளரால் இணைத்தேன். வளையம் ஒழுங்காக வந்தது. பிரித்து, ஒரு பட்டையின் ஒரு முனையை மட்டும் திருப்பி மறுபடி இணைத்தேன். முறுக்கு.

காகிதம் எதையும் நிரூபிப்பதில்லை. குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

கேன்டீனில் இர்ஃபானிடம் கேட்டேன். என்னோடு ஆய்வுக்குச் சேர்ந்தவன், துறையில் அடுத்த அறை. அவனுடைய ஆய்வேடும் 6.3-ஐப் பயன்படுத்துகிறது.

"உலகு, நிஜமாவே அந்தப் பக்கத்தப் படிச்சியா? யாரு தாயே அதெல்லாம் படிப்பாங்க?"

"நீயும் போட்டிருக்கியே."

"நான் தினமும் பல்லும்தான் தேய்க்கிறேன். பேஸ்டுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தேனா?"

"உள்ள ஒண்ணுமே இல்லன்னா?"

"வெளிய அதுக்காக வெர்ஹாலனுக்குக் குடுத்த பரிசு இருக்கே. உலகத்துலயே பெரிய பரிசு. இருபத்துநாலு வருஷமா எல்லாரும் யூஸ் பண்றாங்க. இத்தன பேருக்குப் புரிஞ்சது உனக்குப் புரியலன்னா என்ன அர்த்தம், சொல்லு?"

"எத்தன பேருக்குப் புரிஞ்சுது?"

வடையைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நீ சினாப்சிஸ் எழுதிக் குடுத்துப் பட்டம் வாங்குற வழியப் பாரு."

ஜனவரி 10

வெர்ஹாலனின் 212 பக்கங்களில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். தெளிவு: 41. எளிதில் காணலாம்: 17. வழக்கமான வாதத்தின்படி: 23. நிபுணர்கள் அறிந்ததே: 6. அவர் புதிதாகப் பெயர் சூட்டிய பொருள்கள் ஐம்பத்தெட்டு.

அந்த ஐம்பத்தெட்டில் ஒன்று 'இசைவுக் கட்டு'. ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வருகிறது. வரையறை ஒரு முழுப் பக்கம். நாலு தடவை படித்த பிறகுதான் விளங்கியது. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் துண்டுகளின் தொகுப்புக்கு அந்தப் பெயர். அவ்வளவுதான்.

துண்டுகள் ஒத்துப்போகும் என்று அவர் நிரூபிக்கவில்லை. ஒத்துப்போகும் துண்டுகளுக்குப் பெயர் வைத்தார். பெயர் வைத்ததும் அவை இருப்பதாக ஆகிவிட்டது. பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் பழகிய சொல்லாகிவிடுகிறது. பழகிய சொல்லை யாரும் கேள்வி கேட்பதில்லை.

என் ஆய்வேட்டில் 'இசைவுக் கட்டு' எத்தனை முறை வருகிறது என்று தேடினேன். எண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரி 14, பொங்கல்

விடுதியில் எட்டுப் பேர்தான் இருக்கிறோம். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து அம்மா பேசினாள். தாலுகா ஆபீஸில் அவளுக்கு இன்னும் நாலரை மாதம். மே முப்பத்தொன்றில் ஓய்வு.

"கோவில்பட்டி காலேஜ்லேர்ந்து போன் வந்துச்சுட்டி. ஜூன் ஒண்ணாந் தேதி வேலைக்கு வந்து சேரணுமாம். அதுக்குள்ள சர்ட்டிபிகேட்டு கையில இருக்கணுமாம். இருந்துருமா?"

"இருக்கும்மா."

"எழுதுனதக் குடுக்க மார்ச்சு முப்பத்தொண்ணுதான கடைசி நாளு?"

"ஆமா."

"எழுதி முடிச்சிட்டேன்னுதான சொன்ன?"

"விளிம்பு மட்டும் பாக்கி."

பொய் சொல்லவில்லை. விளிம்பு பாக்கிதான்.

ஜனவரி 20

6.3-க்கு அடிக்குறிப்பு ஒன்று உண்டு: விரிவான விளக்கத்துக்குக் காண்க [14]. பின்னால் போய் [14]-ஐப் பார்த்தேன். 'வெர்ஹாலன், தயாரிப்பில்'. இருபத்துநாலு வருடமாகத் தயாரிப்பில் இருக்கிறது.

அவர் நூலுக்குப் பிறகு வந்த பெரிய தொகுப்புக் கட்டுரை ஒன்றை எடுத்தேன். 'இந்த நுட்பமான இடத்துக்குக் காண்க வெர்ஹாலன் 6.3.' ஜப்பானிலிருந்து வந்த இன்னொன்று அந்தத் தொகுப்புக் கட்டுரையைக் காட்டுகிறது. பாடநூல் ஜப்பான் கட்டுரையைக் காட்டுகிறது. போன வருடம் வெர்ஹாலன் தன் நூலின் மறுபதிப்பைக் கொண்டுவந்தார். முன்னுரையில், 'மேலதிக விவரங்களுக்கு இப்போது நல்ல பாடநூல்கள் உள்ளன' என்கிறார்.

சுற்றி வந்துவிட்டேன்.

வெர்ஹாலனுக்கு மின்னஞ்சல் போட்டேன். அரை நிமிடத்தில் பதில், தானியங்கி. ஓய்வு பெற்றுவிட்டாராம். கணிதம் பற்றிய கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில்லையாம்.

ஜனவரி 23, வியாழன்

வசுமதி மேடத்திடம் சொன்னேன். என் வழிகாட்டி. இந்தத் துறையில் இந்தியாவில் அவரைவிட்டால் ஆள் இல்லை. இளம் வயதில் வெர்ஹாலனிடமே இரண்டு வருடம் வேலை பார்த்தவர்.

பக்கம் 131-ஐ மேசையில் வைத்தேன். மேடம் அதைப் பார்க்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது ஸ்டாண்டர்ட் ஆர்க்யுமென்ட், உலகம்மா."

"எப்படி மேடம்?"

சொன்னார். பத்து நிமிடம் இருக்கும். இசைவுக் கட்டு, மேலேற்றம், தடை வகுப்பு, அது இயல்பாகவே மறைந்துவிடும் என்றார். நடுவில் எழுந்து சாக்பீஸைக் கையில் எடுத்தார். பலகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். எதுவும் எழுதாமல் வைத்துவிட்டார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

அறைக்கு வந்து அவர் சொன்னதை எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். எழுத எதுவும் இல்லை.

ஜனவரி 30

ஆய்வேடு மீண்டும் திரும்பி வந்தது. இப்போது வலது விளிம்பு.

பிப்ரவரி 6

பதினொரு நாள் நானே நிரூபிக்க முயன்றேன். முடியவில்லை. பிறகு உடைக்க முயன்றேன். எங்காவது ஒரு முறுக்கு விழும் உதாரணம். அதுவும் கிடைக்கவில்லை.

உண்மை என்று தெரிந்தால் தப்பித்தேன். பொய் என்று தெரிந்தாலும் ஒரு வகையில் தப்பித்தேன். இப்படி இருப்பதற்குத்தான் பெயர் இல்லை.

மூன்று நாளாக விடுதியிலிருந்து துறைக்குப் போகிறேன், துறையிலிருந்து விடுதிக்கு வருகிறேன். வெளிக்கேட்டைத் தாண்டவில்லை. தாண்டி எங்கே போவது?

பிப்ரவரி 12, புதன்

வெர்ஹாலனின் கடைசிப் பக்கம், 212. நன்றியுரை. யாரும் படிக்காத பக்கம், நானும் படித்ததில்லை. மனைவிக்கு நன்றி, மலைவீட்டுக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கு நன்றி. அதற்குக் கீழே ஒரு வரி:

'6.3-இல் உள்ள இசைவைப் பொறுமையுடன் சரிபார்த்த வி. வசுமதிக்கு.'

மூன்று முறை படித்தேன். அப்பாடா என்றிருந்தது. மேடமே சரிபார்த்திருக்கிறார். அப்படியென்றால் அவரிடம் குறிப்புகள் இருக்கும், பழைய நோட்டில் எங்காவது. அன்றைக்கு அவசரத்தில் இருந்திருப்பார், அதனால்தான் சொல்லவில்லை. நாளை கேட்டு வாங்கிக்கொள்வேன்.

பிப்ரவரி 13

குறிப்புகள் இல்லை.

நான் கேட்டதும் மேடம் சிரித்தார். சிரிப்பை நிறுத்தச் சிரமப்பட்டார்.

"அந்தப் பக்கத்தையும் படிச்சிட்டியா?"

"பக்க எண் வேணும்னு அலுவலகத்துல கேட்டாங்க மேடம்."

"நல்ல அலுவலகம்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெள்ளிக்கிழமை செமினார். பன்னெண்டு பேர். நான் ஒருத்திதான் பொண்ணு, நான் ஒருத்திதான் வெளிநாடு. அந்த வரிக்கு வந்ததும் வெர்ஹாலன் ஒரு நிமிஷம் நின்னார். எல்லாரையும் பார்த்தார். கடைசியா என்னைப் பார்த்து, 'வசுமதி, இது தெளிவுதானே?'ன்னு கேட்டார்."

"நீங்க?"

"எல்லாருக்கும் ரயிலுக்கு நேரமாச்சு. பைய மாட்டிட்டு உக்காந்திருக்காங்க. நான் தலையாட்டினேன்."

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான். எட்டு மாசம் கழிச்சு அச்சுல வருது, பொறுமையா சரிபார்த்தேன்னு. அந்த ஒரு வரிய வச்சுத்தான் இங்க எனக்கு வேலையே குடுத்தாங்க."

"அப்புறம் போட்டுப் பார்க்கலையா?"

"மூணு வருஷம் பார்த்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வரல. வரலன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? சரிபார்த்ததே நான்தானே?"

'6.3 உண்மையானால்' என்று ஒரு வரியை என் முக்கியத் தேற்றத்துக்கு முன்னால் சேர்த்துவிடலாமா என்று கேட்டேன்.

"சேர்த்தா நான் கையெழுத்துப் போடணும். போட்டா ஏன்னு கேப்பாங்க. உனக்கு முன்னாடி என்கிட்ட நாலு பேர் இதை வச்சு டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க. அதுல ரெண்டு பேருக்குக் குழந்தைங்க இருக்கு. அவங்களுக்கு என்ன பதில்?"

எழுந்து கதவு வரை போனேன்.

"சேர்க்காதேன்னு நான் சொல்லல. என்கிட்ட கேக்காதேன்னு சொல்றேன்."

பிப்ரவரி 14

மேடத்தின் மேல் கோபம் இல்லை. நான் அவரைப் போல இல்லை.

பிப்ரவரி 17

என் ஆய்வேட்டில் பக்கம் 74-இல்தான் என் முக்கியத் தேற்றம். அந்தப் பக்கம் இப்போது இரண்டாக இருக்கிறது. ஒன்றில் 'தேற்றம்'. இன்னொன்றில் '6.3 உண்மையானால்'. ஒரு வரிதான் வித்தியாசம். அந்த ஒரு வரியால் விளிம்பு மறுபடி கலைகிறது.

முன் சமர்ப்பிப்பு உரை மார்ச் ஏழு. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லோர் முன்னிலையிலும் ஒரு மணிநேரம் பேச வேண்டும். எந்தப் பக்கம் உண்மை என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

எந்தப் பக்கத்தைக் கொடுக்கிறேன் என்று தெரிந்துவிடும் என்று எழுத நினைத்தேன்.

பிப்ரவரி 22, சனி

அம்மா கோவில்பட்டியில் வீடு பார்த்துவிட்டாள். காலேஜுக்கு நடந்தே போகலாமாம். மாடியில் துணி காயப்போட இடம் இருக்கிறதாம்.

"வீட்டுக்காரவுக நல்ல மாதிரிட்டி. பிள்ள டாக்டருன்னேன். ஊசி போடுவாவளான்னு கேக்காவ. கணக்கு டாக்டருன்னு சொன்னேன். அப்படியும் ஒண்ணு உண்டுமாக்கும்னுட்டாவ."

சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். நிறுத்திவிட்டுக் கேட்டாள், "ஏன்ட்டி குரல் ஒருமாதிரி இருக்கு?"

"ஜலதோஷம்."

பிப்ரவரி 27

விளிம்பு சரியாகிவிட்டது. அலுவலகத்தில் முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். வரி சேர்க்காத பக்கம் 74-தான் அதில் இருக்கிறது. அது ஒரு நகல் மட்டுமே. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

மார்ச் 6

முடிவு செய்துவிட்டேன். நாளை சொல்லிவிடுவேன். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தி, 'இந்த இடம் எனக்குப் புரியவில்லை. இதை நம்பித்தான் மிச்சம் நிற்கிறது' என்று சொல்வேன். கண்ணாடி முன்னால் நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

பயம் இல்லை. காய்ச்சல் நூறு டிகிரி. அது வேறு.

மார்ச் 7, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை பத்தரை. இருபது பேர் இருக்கும். முதல் வரிசையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வுக்குழுத் தலைவர். இரண்டாவதில் வசுமதி மேடம். கடைசி வரிசையில் இர்ஃபான், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

நாற்பது நிமிடம் நன்றாகப் பேசினேன். பிறகு 6.3-ஐப் பலகையில் எழுதினேன். துண்டுகள். ஒட்டுதல். கடைசி வரி. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தேன்.

"இது தெளிவு" என்றேன்.

தானாக வந்தது என்று எழுதலாம். தானாக வரவில்லை. சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் இருந்தது, அந்தக் கணத்தில் கோவில்பட்டி மாடியில் துணி காய்வதைப் பார்த்தேன், சொன்னேன்.

தலைகள் ஆடின. தலைவர், இர்ஃபான், எல்லோரும். பலகையைத் துடைக்கப் போனேன்.

"ஒரு நிமிஷம். துடைக்காதே."

மேடம்.

"அந்தக் கடைசி வரி எனக்குப் புரியல. விளக்கு."

அறையில் யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். "மேடம், டெஸ்டு வைக்கிறீங்களா? நீங்களே செக் பண்ண இடமாச்சே அது. வெர்ஹாலன் நன்றி போட்டிருக்காரே."

"போட்டிருக்கார். நான் செக் பண்ணல."

"புரியல மேடம்."

"இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு ரூம்ல தலையாட்டினேன். இப்ப நீங்க ஆட்டினீங்களே, அந்த மாதிரி." எழுந்து நின்றார். "உங்களுக்குத் தெளிவா இருந்தா நீங்க எழுந்து விளக்குங்க சார். உக்காந்து கேட்டுக்கறேன்."

தலைவர் பலகையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு உலகம்மா."

"தெரியாது மேடம்."

"எப்பலேர்ந்து தெரியாது?"

"ஜனவரி ஆறு."

மார்ச் 10, திங்கள்

குழுவின் முடிவு வந்தது. இந்த வடிவில் ஆய்வேட்டை ஏற்க முடியாது. 'நிபந்தனைக்கு உட்பட்டு' மாற்றி எழுத ஆறு மாத அவகாசம். அப்படி எழுதினாலும் பட்டத்துக்குப் போதுமா என்பது பிறகு பரிசீலிக்கப்படும்.

ஜூன் ஒன்றாம் தேதி வேலை போய்விட்டது.

மேடத்திடம் துறை எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. அவருடைய பழைய மாணவர்கள் நாலு பேரில் மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். ஒருவர் கத்தியது வராந்தாவரை கேட்டதாம். இர்ஃபான்தான் சொன்னான். அவனும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "நீ பலகைய ஒழுங்கா துடைச்சிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றான்.

மாலை மேடத்தின் அறைக்குப் போனேன். அன்றைக்கு அந்தப் பொய்யிலிருந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டாரா, இன்னும் உள்ளே தள்ளித் தாழ் போட்டாரா என்று கேட்க நினைத்தேன்.

"நான் சொல்லியிருக்கணும் மேடம்" என்றுதான் வந்தது.

"சொல்லியிருக்கணும்." அவர் என்னைப் பார்க்காமல் விளக்கக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். "நீ சொல்லுவேன்னு நெனச்சுத்தான் வந்து உக்காந்தேன். நீ சொன்னா நான் பேசாம இருந்துடலாம்னு."

மார்ச் 12, புதன்

ஐந்து நாளாக அம்மாவின் அழைப்பை எடுக்கவில்லை. இன்று நானே கூப்பிட்டேன். ஆபீஸில் இருந்தாள், பின்னால் யாரோ சிட்டா கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிட்டாட்டி?"

"இல்லம்மா. ஜூன்ல முடியாது. கோவில்பட்டிக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிரு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். வெளியே வந்துவிட்டாள் போல, சத்தம் குறைந்தது.

"என்னாச்சு?"

"ஒரு இடம் புரியலம்மா."

"அஞ்சு வருசம் கழிச்சா?"

"ஆமா."

நான் காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. ஒனக்கு மட்டும் புரியலயா? இல்ல, யாருக்குமே புரியலயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குமே புரியவில்லை என்று சொன்னால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்காரர்களிடம் சொல்வதற்கும் வசதியாக இருந்திருக்கும். வாய் வரை வந்தது.

"தெரியலம்மா" என்றேன். "நான் எல்லார்கிட்டயும் இன்னும் கேக்கல."